கொங்கு மண்ணும் நிலநடுக்கமும்



நிலநடுக்கத்தைப் பற்றித் திருப்பூர் வட்டாரத்து மக்களிடம் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நடுங்கும் நாடு ஜப்பான். நடுங்கும் மலை இமயம். நொய்யற் கரையில் பனியன் பின்னி வாழும் நமக்கு இதனால் வரும் கவலை யாது? கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

நாம் நிற்கும் தரை ஒரே ஓடு அன்று. பூமியின் மேற்பகுதி பெரியனவும் சிறியனவுமாகப் பல தட்டுகளாகப் பிளவுபட்டுள்ளது. அவை ஓய்வின்றி நகர்கின்றன. நமது இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காகச் செல்கிறது. கைவிரல் நகம் வளரும் வேகத்தினும் சற்றே மிகுதி, அவ்வளவுதான். ஆனால் அந்த மெல்லிய நகர்ச்சிதான் இமயத்தை உயர்த்தியது.

தட்டுகள் சந்திக்குமிடத்தில் நிகழ்வது என்ன? கடலடித் தட்டு குளிர்ந்தது, கனமானது. எதிர்ப்பட்ட தட்டின் அடியிலே அது செருகிக்கொண்டு பூமியின் உள்ளே இறங்குகிறது. இதைத் தட்டு அமிழ்தல் என்று சொல்லலாம். கண்ணால் காண இயலாத இந்நிகழ்ச்சிக்குச் சான்று தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜப்பானிய அறிஞர் கியோ வதாட்டி. பூமிக்குள் பல நூறு கிலோமீட்டர் ஆழத்திலும் நடுக்கங்கள் பிறக்கின்றன என்று 1928-இல் அவர் நிறுவினார். ஜப்பானின் கிழக்கே ஆழம் குறைவு. மேற்கே ஆசியக் கண்டத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஆழம் மிகுதி என்பதையும் பின்னர்க் காட்டினார். புள்ளிகளை இணைத்தால் சாய்ந்து இறங்கும் ஒரு பலகை போன்ற வடிவம் தோன்றுகிறது. அமிழ்ந்து செல்லும் தட்டே அப்பலகை என்பது 1960-களில் தெளிவாயிற்று.

அமிழும் தட்டு வழுக்கிச் செல்வதில்லை. மேல்தட்டோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் விசை சேர்கிறது. பற்று ஒருநாள் அறுகிறது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்திராவுக்கு அருகே நிகழ்ந்தது அதுவே. அன்று ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிடி தளர்ந்தது. அந்நடுக்கத்தின் அளவு 9.1. கடல் திரண்டெழுந்து, சில மணி நேரத்துக்குள் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கியதை நாம் அறிவோம்.

திருப்பூரிலிருந்து அந்த அமிழ்விளிம்பு 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இமயத்து விளிம்போ ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தொலைவு. அப்படியானால் நடுவிலிருக்கும் நமக்கு அச்சமில்லை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்று வரலாறு சொல்லுகிறது. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் கோவை வட்டாரத்தில் ஒரு நிலநடுக்கம் உண்டாயிற்று. அதன் அளவு ஏறத்தாழ 6. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அது உணரப்பட்டது.

விளிம்பில் விழும் விசை நடுவிலே எவ்வாறு வெளிப்படும்? உங்கள் ஊர்த் துணியைக் கொண்டே விளக்குகிறேன். பின்னல் துணி ஒன்றின் இரு ஓரங்களையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையிருப்பது ஓரத்தில். ஆயினும் நடுவிலே கண்ணி ஒன்று நைந்திருந்தால் அங்கேதான் துணி விடும். துணியை நாம் இழுக்கிறோம். பாறையை இயற்கை நெருக்குகிறது. வேறுபாடு அதுவே. விசை முழுத் தட்டிலும் பரவுகிறது. பழைய நலிவுள்ள இடம் அதைத் தாங்கமாட்டாமல் முறிகிறது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிக் காவிரிச் சமவெளி நோக்கிச் செல்லும் பாறைகளில் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்திய வடுக்கள் உள்ளன. பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலம் என்று நிலவியலார் அதனை அழைப்பர்.

இத்தகைய நடுக்கங்கள் அரியவை. அரியவை என்பதே அவற்றின் ஆபத்து, மக்கள் மறந்துவிடுகிறார்கள். மராட்டியத்துக் கில்லாரியை நினைவுகூருங்கள். அன்றைய வரைபடம் அப்பகுதியை மிகக் குறைந்த அபாயமுள்ள மண்டலத்தில் வைத்திருந்தது. 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் விடியுமுன் 6.2 அளவுள்ள நடுக்கம் வந்தது. கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்களும் கூரைகளும் உறங்கியவர்கள்மீது விழுந்தன. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அளவிலே அது 1900-இல் நம் வட்டாரத்தில் நிகழ்ந்ததை ஒத்ததே என்பதைக் கவனியுங்கள். 2002-இல் வரைபடம் திருத்தப்பட்டபோது அந்த மிகக் குறைந்த மண்டலம் நீக்கப்பட்டது. கோவைப் பகுதி அவ்வரைபடத்தில் மூன்றாம் மண்டலத்தில் இடம்பெற்றது.

1900-இல் திருப்பூரில் பின்னல் ஆலைகள் இல்லை. அத்தொழில் 1920-களில்தான் இங்கு வேரூன்றிற்று. இன்றோ பல மாடிக் கட்டடங்களில், இரவு பகலாக, வெளியூரிலிருந்து வந்தோர் உட்பட எத்தனையோ பேர் உழைக்கின்றனர். அதே அளவு நடுக்கம் மீண்டும் வருமானால் அது சந்திக்கப்போவது பழைய திருப்பூரை அன்று.

அது எந்த நாளில் வரும் என்று கூறும் ஆற்றல் அறிவியலுக்கு இன்னும் வரவில்லை. நாள் குறித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். நாளை அறியாவிட்டாலும் செய்யவேண்டியதை அறிவோம். 2001 ஜனவரி 26-இல் கட்ச் பகுதியில் பிறந்த நடுக்கத்தால் 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் மாடிக் கட்டடங்கள் வீழ்ந்தன. அவற்றுள் பல, கீழ்த்தளத்தில் சுவரின்றி, வண்டி நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டுக் கட்டப்பட்டவை. மேலே கனம், கீழே மெலிவு. கால் ஒடிந்தால் உடல் நிற்குமா?

ஆகவே நீங்கள் சில கேள்விகள் கேட்கப் பழகவேண்டும். கீழ்த்தளத் தூண்கள் போதிய வலிமை உடையனவா? தூணின் கம்பிகளைச் சுற்றிக் கொத்தனார் மாட்டும் ரிங்குகள் நெருக்கமாக உள்ளனவா? அவற்றின் நுனிகள் உள்நோக்கி மடிக்கப்பட்டுள்ளனவா? மாடிப்படிகளை நூல் மூட்டைகளும் துணிக்கட்டுகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா? வெளிவாயில் வேலை நேரத்தில் பூட்டிக்கிடக்கிறதா? இவற்றைக் கேட்கப் பெரும்படிப்பு வேண்டியதில்லை.

உங்களுள் பொறியாளர் ஆவோரும் ஆலை நடத்துவோரும் அங்கே பணிபுரிவோரும் இருப்பீர்கள். நிலம் நடுங்குவதைத் தடுக்க மனிதனால் ஆகாது. நடுங்கும் நிலத்தின்மேல் நிற்கும் சுவர் மனிதனைக் கொல்லாதபடி கட்டுவது அவனால் ஆகும். அந்தப் பொறுப்பு இனி உங்களுடையது.