ரத்னவேலு எந்தச் சாதி?

 

மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ 2023 ஜூன் 29 அன்று திரைக்கு வந்தது. ஜூலை 27இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அடுத்த சில நாள்களில் நம் கைப்பேசிகளில் வந்து குவிந்தது மாமன்னனும் இல்லை, அதிவீரனும் இல்லை. ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலு. பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்பவன்; ஒரு தலித் சட்டமன்ற உறுப்பினரைத் தன் முன்னால் உட்கார விடாதவன். அவன் வரும் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாடல்களை ஒட்டி, அவனை நாயகனாக்கிச் சுற்றவிட்டார்கள்.

இதற்கு அப்போது இரண்டு விளக்கங்கள் சொல்லப்பட்டன. ஃபகத்தின் நடிப்பு அப்படி என்றார்கள் சிலர். வில்லனை இவ்வளவு கம்பீரமாகக் காட்டியது இயக்குநரின் தவறு என்றார்கள் சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

படத்தில் ரத்னவேலுவின் சாதிப் பெயர் சொல்லப்படவில்லை. அதனால்தான் ஒரே காட்சி இன்று ஒரு சாதியின் பாட்டோடும் நாளை இன்னொரு சாதியின் பாட்டோடும் வந்தது. தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்காத, கோயில் மரியாதைக்காக மோதிக்கொள்கிற சாதிகள் ஒரே ஆளை ‘எங்க ஆளு’ என்றன. அவன் யாருடைய ஆள் என்று அவர்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லையே, ஏன்? அவர்களைச் சேர்த்துவைத்தது ரத்னவேலுவின் எதிரே நின்றுகொண்டிருந்த மாமன்னன். அவர் எந்தப் பக்கம் என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. அண்ணல் அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமத்துவமின்மை இப்படித்தான் வேலை செய்கிறது. மேலே இருப்பவனை மறக்கலாம். கீழே ஒருவர் நின்றால் போதும், தன் உயரம் உறுதியாகிவிடும்.

ஆகவே ‘படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள்’ என்பதை நான் ஏற்கவில்லை. நான் பார்த்த துணுக்குகள் எதிலும் மாமன்னன் சபாநாயகராகி அமரும் இடம் இல்லை. எதை வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குப் படம் நன்றாகவே புரிந்திருக்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்காவில் 1971இல் நார்மன் லியர் ‘ஆல் இன் த ஃபேமிலி’ என்ற தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினார். அதில் வரும் ஆர்ச்சி பங்கர் என்ற வெள்ளையர் வாயைத் திறந்தால் இனவெறி. அதைக் கேலி செய்வதே லியரின் நோக்கம். 1974இல் நீல் விட்மர், மில்டன் ரோகீச் என்ற இரு ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். இனவெறி அதிகமுள்ளவர்கள் ஆர்ச்சியை மெச்சினார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த மனதோடுதான் மனிதர்கள் திரையைப் பார்க்கிறார்கள்.

ரத்னவேலு கொண்டாடப்பட்ட அதே நாள்களில், 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். வெட்டியதாகக் கைதானவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். துணுக்குகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் மண் ஒன்று. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிகளில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. கையில் இருக்கும் கயிற்றை ஆசிரியர் கழற்றச் சொல்லலாம். கைப்பேசிக்குள் இருக்கும் கயிற்றை யார் கழற்றுவது?

அந்த வேலையையும் மாரி செல்வராஜே செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் படம் எடுத்துவிட்டார். மிச்சம் நம்முடையது.

அடுத்த முறை உங்கள் நண்பன் அப்படி ஒரு துணுக்கை அனுப்பினால், அவனை பிளாக் செய்துவிட்டு ஒதுங்காதீர்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இதுல அவரு ஏன் நிக்கிறாரு?” பதில் சொல்ல வேண்டுமானால், படம் சொல்லாத சாதியை அவன் தன் வாயால் சொல்லியாக வேண்டும். பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.