நோயுற்ற நாயின் தோலும் இல்லறத்தார் அறமும்



நடுவயது கடந்த நாய்களைப் பற்றுவது குஷிங் நோய். கார்டிசால் என்னும் சுரப்பு மிகுவதால் நீர்வேட்கையும் பசியும் பெருகும், வயிறு சரியும், இருபுற விலாவிலும் மயிர் உதிரும், தோல் தாள்போல் மெலியும். இந்நோய் தனித்து நமைச்சல் தருவதில்லை. நாய் சொறியுமாயின் கிருமித் தொற்றோ, டெமோடெக்ஸ் என்னும் நுண்பூச்சியோ, தோலில் சுண்ணம் படிந்த தடிப்போ சேர்ந்திருக்கக் கூடும். அப்போது வீட்டிலுள்ள ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவது பெரும்பிழை; அது கார்டிசாலின் உடன்பிறப்பே.

பூச்சியை அழிக்கும் மருந்து இம்சையன்றோ எனத் தயங்குவோர் நம் இல்லங்களில் உளர். தயக்கம் மதிக்கத்தக்கதே. ஆயினும் இல்லறத்தார் ஏற்றது அணுவிரதம். அது விலக்குவது கொல்லும் கருத்தோடு செய்யும் கொலையை. வாய்பேசா ஐயறிவுயிர் சீழ்பிடித்து வருந்தப் பார்த்திருப்பது கொல்லாமை ஆகாது.

மேலும், அப்பூச்சி நலமுள்ள நாயின் மயிர்க்கால்களிலும் சிறிதளவு வாழ்வதே. எதிர்ப்பாற்றல் குன்றும்போதுதான் பெருகுகிறது. ஆகவே மருத்துவர் வரையறுத்த அளவில் டிரைலோஸ்டேன் மருந்தை உணவோடு கொடுத்து, இடையிடையே குருதிச் சோதனை செய்து, மூலநோயை அடக்குவதே முதற்பணி. கொல்லவேண்டிய தேவையும் அதனால் குறையும்.

குளோர்ஹெக்சிடின் ஷாம்புவை 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவி, தேய்க்காது ஒற்றித் துடைக்க. சுண்ணத் தடிப்பைக் கிள்ளலாகாது. நீர்வேட்கை சில வாரங்களில் தணியும். மயிர் முளைக்கப் பல மாதங்கள் செல்லும்.