வெளியே வந்தவர் மறந்தார்!

(திருப்பூரில் வாலிபர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சனிக்கிழமை சம்பளம் போட்டு, கணக்கு முடித்து, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பலர் ஒன்றரை ஷிப்ட் முடித்த களைப்போடு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பீர்கள். கிணறு, சந்தை, அஜீஸின் வீடு, சிறை எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் நடுவில் வந்து போகும் ஒரு மனிதரை நாம் கவனிப்பதில்லை. சிறையில் நபியவர்களோடு இருந்த இரண்டு பேரில் ஒருவர் அவர். அவருடைய கனவுக்கு நபியவர்கள் விளக்கம் சொன்னார்கள். நீ விடுதலையாகி எஜமானனுக்குப் பானம் ஊற்றும் வேலைக்குத் திரும்புவாய் என்றார்கள். போனதும் அவனிடம் என்னைப் பற்றிச் சொல் என்று ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். அவர் விடுதலையானார். பழைய வேலையும் கிடைத்தது. மறந்துவிட்டார்! அந்த மறதியால் ஒரு நபி மேலும் சில ஆண்டுகள் சிறையில் இருக்க நேர்ந்தது.

அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏன் தெரியுமா?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ முடிந்து நான் வெளியே வந்தபோது, வாசலில் ஒருவர் காத்திருந்தார். பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து வந்தவர். சிறையில் தையல் பிரிவில் வேலை பார்த்தவர். "ஹஜ்ரத், சிங்கர் ஓட்டுவேன், ஓவர்லாக் தெரியும். பீஸ் ரேட் போதும். ஒரு கம்பெனியில் சொல்லிவிடுங்கள்" என்றார். காசு கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டார். நான் ஒரு முதலாளியிடம் பேசினேன். "ஆள் தேவைதான் ஹஜ்ரத். ஆனால் பையர் ஆடிட் வருகிறது, பிரச்சினை ஆகிவிடும்" என்றார். சரி, வேறு இடத்தில் பார்ப்போம் என்று வந்துவிட்டேன். ரமளான் வந்தது. வசூல் வேலை வந்தது. மறந்துவிட்டேன். பிறகு விசாரித்தபோது, அவர் பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார் என்றார்கள்.

அந்த ஆடிட் காரணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு பையர்களின் விதிகளில் கட்டாய உழைப்பு கூடாது, கைதிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது என்று இருக்கும். தண்டனை முடித்து வெளியே வந்தவர் கைதி இல்லை. அவர் பெயரை ரோலில் எழுதி, பி.எஃப். பிடித்து, சனிக்கிழமை சம்பளம் கொடுத்தால் அதில் கட்டாய உழைப்பு எங்கே வந்தது? இல்லாத தடையை நாமே கேட்டில் போட்டு வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் வேலை விண்ணப்பத்திலேயே 'சிறை சென்றதுண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லி 2003ல் கலிபோர்னியாவில் சிறை மீண்டவர்களே ஓர் அமைப்பு தொடங்கிப் போராடினார்கள். பல மாநிலங்கள் சட்டமே போட்டுவிட்டன. நம் ஊரில் அந்தக் கட்டம் தாளில் இல்லை. டீக்கடைப் பேச்சில் இருக்கிறது. அதை எந்தச் சட்டம் போட்டு எடுப்பது?

இப்போது யூசுஃப் நபியின் சிறைத் தோழருக்கு நேர் எதிரான ஒருவரைச் சொல்கிறேன். மும்பையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பெயர் அப்துல் வாஹித் ஷேக். 2006 ஜூலை 11 அன்று மும்பை ரயில்களில் குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்ட அப்பாவிகள் உயிரிழந்தார்கள். அந்த வழக்கில் 13 பேரில் ஒருவராக இவரைச் சேர்த்தார்கள். ஒன்பது ஆண்டுகள் உள்ளே இருந்தார். 2015 செப்டம்பரில் தனி நீதிமன்றம் இவர் ஒருவரை மட்டும் விடுவித்தது. மற்ற 12 பேரில் ஐவருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? தப்பித்தோம் என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்போம். அவர் போகவில்லை. மீண்டும் பள்ளிக்கூடம் போனார். சிறை அனுபவத்தை உருதுவில் புத்தகமாக எழுதினார். உள்ளே இருக்கும் 12 பேரும் நிரபராதிகள் என்று மேடை மேடையாகப் பேசினார். கடைசியில் 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அவர்களில் ஒருவர் 2021லேயே கொரோனாவில் சிறையில் இறந்துவிட்டார்! சில நாட்களில் உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. ஆனால் வெளியே வந்தவர்கள் திரும்ப உள்ளே போகத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. வழக்கை நடத்தியது வக்கீல்கள், நீதிமன்றத்தில் வென்றது அவர்கள் வாதம். ஆனால் அந்த 12 பேரை நாடு மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டவர்களில் முதல் ஆள், அவர்களோடு உள்ளே இருந்த இந்த ஆசிரியர்.

மும்பை வரை எதற்கு? ஜோலார்பேட்டையைப் பாருங்கள். அற்புதம் அம்மாள் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை. மகன் பேரறிவாளனை 1991 ஜூனில் பிடித்துக்கொண்டு போனபோது அவருக்கு வயது 19. உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2022 மே 18. ஏறக்குறைய 31 ஆண்டுகள் அந்தத் தாய் சிறை வாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் தலைவர்களின் வீட்டு வாசலுக்கும் நடந்தார். அதே ஆண்டு நவம்பரில் மற்ற ஆறு பேரும் வெளியே வந்தார்கள். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் இப்படி நடக்கிறார்கள்! திருப்பூரிலிருந்து அதிகாலை பஸ் ஏறி, காந்திபுரத்தில் இறங்கி, கோவை மத்திய சிறையில் மனு பார்த்துவிட்டு, இரவு திரும்பி வந்து கைமடி வேலைக்கு உட்காரும் பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். எந்த வக்கீல் ஒழுங்காக ஆஜராவார், எந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும், மய்யித் விழுந்தால் அவசர விடுப்புக்கு என்ன தாள் வேண்டும் என்பதெல்லாம் ஆலிம்களாகிய எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். நாமோ அவர்களுக்கு ரமளானில் அரிசி மூட்டை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைப்பதில்லை.

கோவை என்றதும் உங்கள் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். பேச வேண்டியதைப் பேசித்தான் ஆக வேண்டும். 1997 நவம்பரில் ஒரு காவலர் கொல்லப்பட்டார், அது பாவம். அதைத் தொடர்ந்த கலவரத்தில் நம்மவர்கள் கொல்லப்பட்டார்கள், அதுவும் பாவம். 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். கடைக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். அதற்கு வக்காலத்து வாங்க நான் இங்கே நிற்கவில்லை. செய்தவனுக்குத் தண்டனை உண்டு. ஆனால் தண்டனைக்கு அளவும் உண்டு. ஆயுள் கைதி 14 ஆண்டு கழித்த பிறகு அவரை விடுவிப்பது பற்றி அரசு பரிசீலிக்க சட்டத்தில் வழி இருக்கிறது. அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008ல் 1,405 ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். 2021ல் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மீண்டும் அரசாணை வந்தது. மத மோதல் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களை அது விலக்கி வைத்தது. பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி ஆதிநாதன் தலைமையில் குழு அமைத்தார்கள். 49 பேரின் கோப்புகள் 2023 ஆகஸ்டில் ஆளுநருக்கு அனுப்பப்பட்டன, அவர்களில் 20 பேர் முஸ்லிம்கள் என்று அந்த அக்டோபரில் சட்டமன்றத்தில் முதலமைச்சரே சொன்னார். கொலை செய்தவர் ஒருவர் வெளியே வரலாம், அதே தண்டனை பெற்ற இன்னொருவர் வழக்கின் பெயரால் வர முடியாது என்றால், அதைக் கேட்பது நியாயம்தானே?

சரி, இதுவரை நீங்கள் தலையாட்டினீர்கள். இனி ஆட்டுவீர்களா என்று பார்க்கிறேன்!

'சிறைவாசிகள்' என்று நாம் மேடையில் பேசும்போது அந்தப் பெரிய வழக்குக்காரர்களை மட்டும்தான் நினைக்கிறோம். செல்போன் திருடி மாட்டிய பதினெட்டு வயதுப் பையன்? குடித்துவிட்டு அடிதடியில் போனவன்? அவர்கள் நம் பிள்ளைகள் இல்லையா? அவர்களுக்குச் சுவரொட்டி இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. ஜமாஅத்தில் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறோம். 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை! அதில் எத்தனையோ பேருக்கு ஜாமீன் கிடைத்தும், ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடக்கிறார்கள்.

இங்கேதான் வாலிபர்களுக்கு வேலை இருக்கிறது. கல்லூரி முடித்திருக்கிறீர்கள், தாளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவைப் படியுங்கள். முதல் தடவை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் வரக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது. காலம் நிறைந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எழுதினாரா என்று கேட்க வெளியே ஓர் ஆள் வேண்டாமா? காவலில் உள்ள எவருக்கும் இலவச வக்கீல் உண்டு என்பது 1987 ஆண்டு சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழைக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனை பெற்றவரின் அபராதத்துக்கு 25,000 வரை கொடுக்க மத்திய அரசு 2023ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. போதைப்பொருள், ஊபா வழக்குகளுக்கு அது கிடையாது.

வியாபாரப் பெருமக்களே! உங்களிடம் பணம் மட்டும் கேட்டால் சுலபமாகக் கொடுத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் அடிமைத்தளையில் இருப்பவர்களும் கடனாளிகளும் இருக்கிறார்கள், கொடுங்கள். ஆனால் நான் கேட்பது வேறு. சொத்து வரி ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து, 'இந்தப் பையனுக்கு நான் ஜாமீன்' என்று நிற்பீர்களா? ஓடிவிட்டால் பணம் போகுமே என்பீர்கள். போகலாம்தான். காதர்பேட்டையில் முகம் தெரியாத வெளியூர் வியாபாரிக்கு ஒரு போன் பேச்சில் லாரி லோடு சரக்கைக் கடன் கொடுக்கிறீர்களே, அது போகாதா? பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு அந்த அளவு நம்பிக்கை கூட இல்லையா?

இந்த ஊர் பனியன் தொழிலுக்கு ஆரம்பத்தில் வித்திட்டவர்களில் குலாம் காதர் சாயபு ஒருவர். அவர் மெஷின் வாங்கிப் போட்ட பிறகு பிழைக்க வந்தவர்களை எல்லாம் திருப்பூர் சேர்த்துக்கொண்டது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவனிடம், ஊரில் என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நம் தெருக்காரனிடம் மட்டும் கேட்கிறோம்.

கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி. 1912 டிசம்பரில் கண்ணனூர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, வாசலில் கூட்டம் இல்லை. கப்பல் விட்டவர், சென்னையில் அரிசி விற்றார். பறிபோன வக்கீல் சன்னதை வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்கு வ.உ.சி. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். நாடே மறந்தபோது கைகொடுத்த ஒருவரின் பெயரை அந்த வீடு எப்படி வைத்துக்கொண்டது பாருங்கள்.

வருகிற ஞாயிறு இஷாவுக்குப் பிறகு மதரஸா மாடியில் உட்காருகிறோம். உள்ளே ஆள் இருக்கும் வீட்டார், உள்ளே இருந்து வந்தவர்கள், எந்த வழக்காக இருந்தாலும் வாருங்கள். கூட்டத்தை நடத்தப் போவது நான் இல்லை. சிறை மீண்ட இருவரும், பதினோரு வருடமாக மனு பார்த்து வரும் ஒரு தாயும் நடத்துவார்கள். பெண்களுக்குத் தனியாக இடம் இருக்கிறது. வழக்கு எண், எந்த கோர்ட், உள்ளே போன தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பீஸ் ரேட்டுக்கோ ஷிப்டுக்கோ ஆள் வேண்டும் என்ற முதலாளிகள் எந்த மெஷின், எத்தனை பேர் என்று எழுதித் தாருங்கள். முன்பு என்னிடம் வந்து கேட்டவரையும் தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் தொழுகை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.