ஒரு தாங்கி எண்ணெயில் எவ்வளவு தூரம்?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், ஹைபிரிட் காடிக்கு ஒரு தடவை எண்ணெய் நிரப்பினால் எவ்வளவு தூரம் ஓடும்?" கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 40 லிட்டர் தாங்கி. 100 கிலோமீட்டருக்கு 4 லிட்டர் செலவு. ஆக, 1,000 கிலோமீட்டர்!

ஆனால் நம் கியா பார்ம் மலைக்கு அந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. ஏறும்போது எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். இறங்கும்போதுதான் வித்தை இருக்கிறது. 1997-இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் போன்ற காடிகளில் பெட்ரோல் இயந்திரத்தோடு மின்மோட்டாரும் உண்டு. பிரேக்கை மிதித்தால் சக்கரமே மோட்டாரைச் சுழற்றி, பேட்டரியில் மின்சாரம் சேர்க்கும். சாதாரணக் காடியில் அந்தச் சக்தி பிரேக் சூடாகி வீணாகிறது.

பெற்றோர்களே, தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. எண்ணெய் மிச்சம் பிடிக்க நம்மில் சிலர் ஃப்ரீ கியரில் விடுகிறோம். நானும் விட்டவன்தான். ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் மண்மேட்டில் முட்டித்தான் நின்றேன். பின்னால் என் மகள் இருந்தாள்.

இக்காலக் காடிகள், கியரில் இறங்கும்போது எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் எண்ணெயே குடிப்பதில்லை. ஃப்ரீ கியரில்தான் குடிக்கும்! ஹைபிரிட்டிலும் ஃப்ரீ கியரில் போட்டால் மின்சாரம் சேராது. அப்படியானால் எதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டும்?

மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் சொல்லுங்கள்: "அப்பா, கியரிலேயே இறங்குங்க." பரிசுக் கோப்பையைவிட அதுவே பெரிது.