தெளிந்த நெஞ்சும் உருகிய பாட்டும்



"மனத்தில் துயரம், அதனால் குடிக்கிறான்" என்று ஊர் ஒருவனுக்காகப் பரிந்து பேசுகிறது. "அவன் குடியாதவன், அவனுக்கு என்ன தெரியும்" என்று அதே ஊர் மற்றொருவனை நகையாடுகிறது. இவ்விரு பேச்சுக்கும் அடியில் கிடப்பது ஒரே எண்ணம்தான். உணர்ச்சி மிக்கவனுக்கு மது வேண்டும். மதுவை விலக்கியவன் நெஞ்சு வறண்டவன். இவ்வெண்ணம் மெய்தானா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சங்க இலக்கியம் கள்ளை மறைத்ததில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு, புறநானூற்றின் 235ஆம் பாட்டாகும். சிறிதளவு கள் கிடைத்தால் புலவர்க்கே தந்துவிட்டு, மிகுதியாகக் கிடைத்தால் அவரைப் பாடச்செய்து தானும் உடனுண்ட வள்ளலை அப்பாட்டு நினைவுகூர்கிறது. அங்கே கள் நட்பின் அடையாளமாக வருகிறதேயன்றித் துயரத்தின் மருந்தாக வரவில்லை. இழப்பின் வலியை ஔவையார் எதனாலும் மழுக்கிக்கொள்ளவில்லை. முழுவதும் தாங்கிப் பாட்டாக்கினார்.

வள்ளுவரோ பொருட்பாலில் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கே ஒதுக்கினார். விலை கொடுத்துத் தன் உடம்பையே தான் அறியாத நிலையை வாங்குவது எத்தகைய பேதைமை என்று அவர் எள்ளுவது ஈண்டுக் கருதத்தக்கது. மதுவின் குற்றமாக அவர் அங்கே காட்டுவது உணர்ச்சிப் பெருக்கை அன்று, உணர்வின் இழப்பை.

இக்கருத்தை வாழ்ந்து காட்டியவர் இம்மண்ணிலேயே தோன்றினார். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். 1872இல் அங்கே சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கிற்று. வடலூரை அவர் உத்தர ஞான சிதம்பரம் என்றார். கள், காமம், கொலை, களவு, பொய் ஆகிய ஐந்தும் கொடுந்துயர் தருவன என்று அறிவுறுத்திய அவ்வடிகளாரின் நெஞ்சு வறண்டதோ? வாடும் பயிரைக் கண்டபோதும் வாடிய நெஞ்சு அது. பசித்தவர், பிணியாளர், ஏழைகள் என எவர் துயர் கண்டும் தாம் அழுததையும் அஞ்சியதையும் நடுங்கியதையும் ஒளிவின்றித் திருவருட்பாவில் பாடி வைத்தார். அவ்வுருக்கம் பாட்டோடு நின்றதா? தருமச்சாலையின் அடுப்பாக எரிந்தது, இன்றும் எரிகிறது. கண்ணீர் சோறாக மாறியது தெளிந்த நெஞ்சில்தான் நிகழ்ந்தது.

இனி, கடல் கடந்த ஒரு சான்று. எந்நாட்டு இசையும் கைபேசி வழியே அண்ணாமலைநகர் மாணவர்க்கும் எட்டும் காலம் இது. ஆதலின் அவர்கள் அறிந்த இசையொன்றின் பிறப்பையும் எண்ணிப் பார்ப்பது தகும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1980ஐ ஒட்டிப் பங்க் என்னும் முரட்டு இசையில் இளைஞர் சிலர் ஈடுபட்டனர். இசையரங்குகளில் மது விற்கப்பட்டமையால், வயது நிரம்பாதோர் புறங்கையில் பெருக்கல் குறியிட்டு உள்ளே விடும் வழக்கம் இருந்தது. மது வழங்கத்தகாதவர் என்பதே அக்குறியின் பொருள். அவ்விளைஞர் அதனையே பெருமைச் சின்னமாக்கிக் கொண்டனர். மைனர் திரெட் என்னும் குழுவின் பாடகர் இயன் மெக்கே, 1981இல் ஒரு நிமிடமும் நிரம்பாத பாட்டொன்றில் மதுவும் போதையும் தமக்கு வேண்டா என்றார். 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்னும் அப்பாட்டின் பெயரே ஒரு வாழ்க்கை நெறியின் பெயராயிற்று.

சில ஆண்டுகளில் அதே வட்டத்தினின்றும் மற்றொரு குரல் எழுந்தது. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்னும் குழுவின் இசைத்தட்டு 1985இல் வெளிவந்தது. மெக்கேயும் எம்பிரேஸ் என்னும் புதிய குழுவில் பாடினார். பங்க் இசையின் வேகம் அதில் இருந்தது; ஆனால் வெளிப்பட்டது சினம் மட்டுமன்று, இழப்பும் ஏக்கமும் தன்னை நோக்கிய வினாவுமாகும். உணர்ச்சி என்னும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி அதற்கு 'எமோ' என்று பெயரிட்டனர். மெக்கே அப்பெயரை விரும்பவில்லை என்பது வேறு செய்தி. மதுவிலக்கு நெறியும் உருக்கப் பாட்டும் ஒரே ஊரில், ஒரே நண்பர் வட்டத்தில், ஐந்தாண்டுக்குள் பிறந்தன என்பதே இங்கு வேண்டப்படும் உண்மை. போதையை விலக்கியவரிடமிருந்தே அழுகை பாட்டாயிற்று.

இவ்வுண்மை தமிழகத்துக்கு ஏன் வேண்டும்? இங்கே ஆண்மகன் அழுதால் ஊர் சிரிக்கிறது. குடித்துவிட்டு அழுதால் மன்னிக்கிறது. அழுவதற்கு ஆண் பெறும் உரிமைச்சீட்டாக மது நிற்கிறது. பெண்களுக்கோ ஒப்பாரி இருந்தது. மார்பில் அறைந்து, இழந்தவரை முறைசொல்லி விளித்து, தெளிந்த நினைவோடு துயரத்தை வரிவரியாகப் பாடித் தீர்த்தனர். ஆடவர்க்கு அத்தகைய வடிகாலை வீடும் பள்ளியும் கற்றுத் தரவில்லை.

அதற்குத் தரப்பட்ட விலை பெரிது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் உயிர்களைக் குடித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தோர் அறுபதின் மேலாயினர். இவ்விரு பகுதிகளும் கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. மெத்தனால் உடம்பினுள் நச்சமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும். பின்னர் உயிரையும் பறிக்கும். உரிமம் பெற்ற கடையிலும் துயரத்துக்கு மருந்து கிடைப்பதில்லை. 1983இல் தோன்றிய அரசு வாணிபக் கழகம் 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் நடத்திவருகிறது. வள்ளலார் நினைவு நாளில் அக்கடைகள் மூடப்படுகின்றன, மறுநாள் திறக்கப்படுகின்றன. ஒருநாள் மூடுவதற்குக் காரணமான பெரியவரை மற்ற நாட்களில் நினைப்பார் யார்?

மதுவை விலக்குவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பின்னாளில் அமெரிக்காவில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் நெறியினருள் சிலர், குடிப்போரைத் தாக்கும் அளவுக்கு வன்மை கொண்டனர். குடியாமை செருக்கானால் அதுவும் ஒரு போதையே. தருமச்சாலையில் பசித்து வந்தவனிடம் அவன் ஒழுக்கத்தை வினவிய பின்னர் சோறு இடுவதில்லை. குடிநோயில் வீழ்ந்தவனையும் நோயாளியாகக் கண்டு மருத்துவத்துக்கு அழைத்துச் செல்வதே இரக்கத்தின் வழி.

இலக்கிய வட்டங்கள் மதுக்கடைகளை மூடும் ஆற்றல் உடையன அல்ல. ஆயினும் ஓர் இளைஞன் தன் தோல்வியை, தந்தையின் மறைவை, கைகூடாத காதலை, நாணமின்றிச் சொல்வதற்கு ஓர் அவையைத் தர அவற்றால் இயலும். அவன் எழுதிவரும் முதற்கவிதை யாப்பில் தளரலாம். மேலைநாட்டு மெட்டில் அமைந்திருக்கலாம். நகையாமல் கேட்பவர் பத்துப்பேர் அங்கிருந்தால் போதும். துயரத்தைத் தெளிந்த நெஞ்சோடு பாடலாம் என்பதை அவன் அவ்விடத்தே அறிந்துகொள்வான்.

அத்தகைய அவையாக இவ்வட்டம் மேலும் பல்லாண்டு வாழ்க.