கூடை வேறு, கொழுந்து வேறு



ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்பவர்களுக்குக் கொழுந்து நிறுக்கும் காட்சி புதியதன்று. தராசில் கொழுந்து ஏறுகிறது. கூடையின் எடை கழிக்கப்படுகிறது. கொழுந்து மட்டும் தொழிற்சாலைக்குச் செல்கிறது. கூடையோ அதைச் சுமந்து வந்தவரிடமே திரும்பிவிடுகிறது. அதன் கயிறு அவருடைய தலைக்கும் முதுகுக்கும் ஏற்றவாறு கட்டப்பட்டது. அது அவருக்கு இன்றியமையாதது. ஆயினும் தேயிலையோடு சேர்த்து வாட்டத் தக்கதன்று.

இவ்வெளிய உண்மையைக் கணினி நிரல் எழுதுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

மென்பொருள் இன்று ஒருவர் தனித்துச் செய்யும் பொருளன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையைத் தாக்கியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்காக இந்நாட்டுத் தன்னார்வலர்கள் ஒன்றுகூடிச் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூக நலனுக்கான 2006ஆம் ஆண்டின் விருதை அதற்கு வழங்கியது. பலர் கைகள் சேர்ந்து செய்யும் இத்தகைய பணிக்குப் பொதுக் களஞ்சியம் ஒன்று வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் கருவி அக்களஞ்சியத்தைக் காப்பதற்கு இன்று பெரிதும் பயன்படுகிறது.

நிரல் எழுதுவதற்கு ஒருவர் 'விம்' என்னும் எடிட்டரைக் கொள்வார். மற்றொருவர் 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' என்பதைக் கொள்வார். எழுத்தின் அளவு, வண்ணம், கோப்புகள் இருக்கும் இடம் முதலியவற்றை அவ்வெடிட்டர் தனிக் கோப்புகளில் குறித்துக்கொள்கிறது. அவற்றுட் பலவற்றின் பெயர் புள்ளியில் தொடங்கும். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் அத்தகைய கோப்புகள் வழக்கமான பட்டியலில் தோன்றா. ஆதலின், கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் களஞ்சியத்திற் சேர்க்கும்போது, அவையும் ஓசையின்றி உள்ளே நுழைந்துவிடுகின்றன.

அதனால் விளையும் தீங்கு யாது? தலவாக்கலையில் ஒருவர் பழைய கணினியில் லினக்ஸ் கொண்டு எழுதுகிறார். கொழும்பில் அவருடைய தோழர் விண்டோசில் எழுதுகிறார் என்று கொள்வோம். ஒருவர் கணினியின் கோப்புப் பாதை மற்றவர் கணினியில் இல்லை. ஒருவர் தம் அமைப்பை அனுப்ப, மற்றவர் அதைத் திருத்தி அனுப்ப, நிரலில் ஒரு வரியும் முன்னேறாமலே பூசல் வளர்கிறது. இதனினும் கொடியது ஒன்றுண்டு. அக்கோப்பில் கடவுச்சொல் ஒன்று கிடக்குமாயின், அது ஊரறிந்த பொருளாகிவிடும். கோப்பைப் பின்னர் நீக்கினாலும் கிட்டின் வரலாற்றில் அது நிலைத்திருக்கும். ஆகவே அக்கடவுச்சொல்லை உடனே மாற்றுவதே முதற்கடமை.

இதற்கு வழியும் உண்டு. விலக்க வேண்டிய கோப்புகளைக் குறிப்பதற்குக் கிட் மூன்று இடங்களைத் தருகிறது. களஞ்சியத்தில் உள்ள 'டாட் கிட்இக்னோர்' என்னும் கோப்பு அனைவர்க்கும் பொது. நிரலை ஓட்டுவதால் யாவரிடத்தும் உண்டாகும் கழிவுகளை அதில் எழுதலாம். ஒரு படிக்கு மட்டும் உரியவற்றை அப்படியின் 'எக்ஸ்குளூட்' கோப்பில் எழுதலாம். எடிட்டருக்கு உரியவற்றையோ, ஒருவர் தம் கணினியில் ஒருமுறை அமைக்கும் தனிப்பட்ட விலக்குப் பட்டியலில் எழுதுதல் தகும். கிட்டின் கையேடு கூறுவதும் இதுவே. பொதுப் பட்டியலிலேயே எல்லா எடிட்டர்களின் பெயரையும் எழுதிவைப்போரும் உளர். அது புதியவர்க்கு உதவும். ஆனால் புதிய எடிட்டர் தோன்றுந்தோறும் அப்பட்டியல் நீளும்.

முன்பே களஞ்சியத்திற் புகுந்துவிட்ட கோப்பைப் பட்டியல் தடுக்காது என்பதையும் மறத்தலாகாது. கணினியில் வைத்துக்கொண்டே களஞ்சியத்திலிருந்து மட்டும் அதை நீக்குவதற்குத் தனிக் கட்டளை உண்டு.

இனி, அமைப்புகள் யாவும் விலக்கத் தக்கனவோ எனின், அல்ல. வரியின் தொடக்கத்தில் எத்துணை இடம் விடுவது, வரி எவ்வாறு முடிவது என்பன குழுவின் ஒழுங்கு. அவற்றை 'எடிட்டர்கான்ஃபிக்' என்னும் பொதுக் கோப்பில் எழுதிப் பகிர்ந்துகொள்வது நன்று. குழு கூடி முடிவு செய்தது பொது. ஒருவர் தம் வசதிக்காகக் கொண்டது தனி.

இத்துறையை நாடும் மலையக இளைஞர்க்கு இப்பாகுபாடு புதிய பாடமன்று. கூடையைத் தம்மோடு வைத்துக்கொண்டு கொழுந்தை மட்டும் பொதுவில் கொட்டும் வழக்கம் அவர்தம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக அறிந்ததே. அதையே கணினியின் முன்னும் கடைப்பிடிப்பாராக.