கணினிக்கு வேலி கட்டுவோர் யார்?

(புத்தூரில் ஆற்றிய சொற்பொழிவு)



வெங்காயம் விற்ற பணம் இன்று பெட்டகத்தில் இல்லை; வங்கிக் கணினியில் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் கணினிக் கள்வர் வங்காளதேச மத்திய வங்கியின் 8 கோடி 10 இலட்சம் டொலரைக் கவர்ந்தனர். மேலும் 2 கோடி டொலர் நம் இலங்கைக்கே அனுப்பப்பட்டது. ‘பவுண்டேசன்’ என்ற சொல்லைக் கள்வர் பிழையாக எழுதியதால் ஐயம் பிறந்தது, அப்பணம் தப்பிற்று. கள்வனின் எழுத்துப் பிழையை நம்பி நாடு வாழலாமா?

கணினிக் கல்வி தரும் இடங்களுள் ஒன்று, 1980இல் படைக் கல்விக் கழகமாகத் தோன்றிய இரத்மலானைக் கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகம். அதற்கு இரு வாயில்கள் உண்டு. படை அதிகாரியாகும் பயிற்சியிற் சேர்வோர் பட்டம் பெற்றபின் படையிற் பணியாற்ற வேண்டும். கட்டணம் செலுத்திப் பயிலும் பொதுமாணவருக்கு அக்கடமை இல்லை.

சீருடை என்றதும் நம் தாய்மார் நெஞ்சு ஏன் பதைக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. 2009 வரை கண்டவை மறக்கற்பாலன அல்ல. படையிற் சேர்வதை அவரவர் மனச்சான்று தீர்மானிக்கட்டும். ஆனால், சீருடையோடு கல்வியையும் ஒதுக்குவோமாயின் நட்டம் நமக்கே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கணினி விஞ்ஞானம் உண்டு. வாயில் எதுவாயினும் நம் மக்கள் உள்ளே புகவேண்டும். தோட்டத்திற்கு வேலி கட்டிய புத்தூர், இவ்வேலியையும் கட்டக் கற்கட்டும்!